முதல் நபர் விளையாட்டில் கண் விழிக்கும் காட்சி: இமைகள் ஏன் ஷட்டர் போலத் தெரிகின்றன?

கேள்வி இதுதான். முதல் நபர் பார்வையில், அதாவது கதாபாத்திரத்தின் கண் வழியாகவே, நகரும் ஒரு கணினி விளையாட்டு. கதாபாத்திரம் மயக்கம் தெளிந்து கண் விழிப்பதில் கதை தொடங்குகிறது. திரையின் மேலும் கீழும் இரண்டு கறுப்புப் படங்களை வைத்து மூன்று முறை திறந்து மூடியிருக்கிறீர்கள். ஆனாலும் கண் திறப்பதுபோல இல்லை, யாரோ ஷட்டரை ஏற்றி இறக்குவதுபோல இருக்கிறது. பிழை எங்கே?

படங்களில் பிழை இல்லை. நீங்கள் அசைவூட்டியிருப்பது கண் சிமிட்டலை. காட்சி கேட்பதோ கண் விழிப்பை. ஒரே இமையால் நடப்பவை என்பதைத் தவிர இவை இரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. விழித்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறார். ஒவ்வொன்றும் 0.1 முதல் 0.4 விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் மூளை பார்வையை அடக்கிவைப்பதால், நடுவில் இருள் வந்துபோனதே நமக்குத் தெரிவதில்லை. விழிப்பு அப்படிப்பட்டதல்ல. இமை எழ முயல்கிறது, கனம் தாங்காமல் விழுகிறது, சற்றுப் பொறுத்து மறுபடியும் எழுகிறது. விளையாடுபவர் உணர வேண்டியது அந்தக் கனத்தை. மூன்று முறையும் ஒரே அளவு திறந்து ஒரே வேகத்தில் மூடினால், கனம் இருக்கும் இடத்தில் ஓர் இயந்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு நான் கையாளும் வழி, காட்சி முழுவதையும் இரண்டு எண்களில் கட்டுவது. ஒன்றின் பெயர் ‘திறப்பு’. இமை மூடியிருந்தால் 0, முழுதாகத் திறந்திருந்தால் 1. காட்சி முழுவதும் இது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மற்றொன்றின் பெயர் ‘விழிப்பு’. இதுவும் 0இலிருந்து 1 வரைதான், ஆனால் ஏறுமே தவிர ஒருபோதும் இறங்காது. கறுப்பு இமைகள் மட்டும் திறப்பைப் பார்த்து நகரட்டும். மங்கல், ஒலி, தலையின் அசைவு, விளையாடுபவரின் கட்டுப்பாடு எல்லாம் விழிப்பைப் பார்த்து மாறட்டும். இந்தப் பிரிவினை இல்லாததுதான் பெரும்பாலான விழிப்புக் காட்சிகள் பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். எல்லாவற்றையும் இமையோடு சேர்த்துக் கட்டிவிட்டால், இமை மூடும்போதெல்லாம் மனிதர் மறுபடியும் பழைய மயக்கத்துக்கே போய்விடுகிறார். உண்மையில் இமை மூடியிருக்கும்போதும் உள்ளே விழிப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

முதலில் இமையின் வடிவம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கண்ணை மெல்லப் பாதி மூடிப் பாருங்கள். கூர்மையான விளிம்பு எதுவும் தெரியாது. மேலிருந்து ஒரு நிழல் இறங்குகிறது, அவ்வளவுதான். இமை கண்ணோடு ஒட்டியே இருப்பதால் அதன் விளிம்பு ஒருபோதும் குவியத்துக்குள் வராது. ஆகவே கத்தரித்த படம்போன்ற ஓரம் கூடாது. திரை உயரத்தில் பத்தில் ஒரு பங்காவது விளிம்பு கரைந்திருக்க வேண்டும். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள்: இறங்குவது பெரும்பாலும் மேல் இமைதான், கீழ் இமை சிறிதே அசைகிறது. இரண்டு படங்களும் திரையின் நடுவில் சந்தித்தால் அது லிஃப்ட் கதவைப் படுக்கவைத்தது போலிருக்கும். சந்திப்பு, கீழிருந்து 35 விழுக்காட்டு உயரத்தில் இருக்கட்டும்.

இரண்டு படங்களை நகர்த்தியே இதைச் செய்யலாம். ஆனால் 16:9 திரைக்கு வரைந்த படம் 21:9 திரையில் நீண்டு வடிவம் கெட்டுப்போகும். சிறிய ஷேடர் (திரையின் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடும் நிரல்) ஒன்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. விளையாட்டு உருவாக்கும் எஞ்சின்களான யூனிட்டியில் முழுத்திரை ஷேடராகவும், அன்ரியலில் போஸ்ட் பிராசஸ் மெட்டீரியலாகவும், கோடோவில் கேன்வாஸ்லேயருக்குள் வைத்த ஒரு கலர்ரெக்டிலும் இதே கணக்கு வேலை செய்யும். திரையின் கிடைமட்ட நடுவிலிருந்து உள்ள தூரத்தை −1 முதல் 1 வரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு:

நடு = 0.35 + 0.04 × தூரம்²
வளைவு = 0.9 − 0.5 × திறப்பு
மேல்விளிம்பு = நடு + திறப்பு × 1.3 × (1 − வளைவு × தூரம்²)
கீழ்விளிம்பு = நடு − திறப்பு × 0.85 × (1 − வளைவு × தூரம்²)

முதல் வரியில் உள்ள 0.04, மூடிய இமைகளின் கோட்டை நடுவில் சற்றே தொய்ந்ததாக ஆக்குகிறது. மூடிய கண்ணைப் படம் வரையும் எவரும் கோட்டை அப்படித்தான் தொய்த்து வரைவார்கள். இரண்டாவது வரி, கண் சிறிதே திறந்திருக்கும்போது ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து நடுவை மட்டும் பிளவாக விடுகிறது. கண் அகல அகல ஓரங்களும் விலகுகின்றன. 1.3, 0.85 ஆகியவை, முழுத் திறப்பில் கரைந்த விளிம்பும் மூலைகளை விட்டு வெளியே போய்விடும்படி கணக்கிட்டவை. கரைவை 0.1க்கு மேல் கூட்டினால் இவற்றையும் கூட்ட வேண்டும். யூனிட்டியில் செங்குத்து அளவு பொதுவாகக் கீழிருந்து மேலே ஏறும். அன்ரியலிலும் கோடோவிலும் மேலிருந்து கீழே இறங்கும். உங்கள் மேல் இமை கீழே வந்து நின்றால் காரணம் அதுதான், 1இலிருந்து கழித்துவிடுங்கள்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்மூத்ஸ்டெப் (0இலிருந்து 1க்கு மென்மையாக ஏறும் சார்பு) கொண்டு விளிம்பைக் கரைக்கும்போது, கரைவை விளிம்பின் இருபுறமும் பாதிப்பாதியாக வைத்தால், கண் முழுதாக மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு கசியும். சந்திப்புக் கோட்டில் மேல் இமையும் பாதி இருள், கீழ் இமையும் பாதி இருள் என்று ஆகிவிடுவதே காரணம். கரைவு எப்போதும் விளிம்பைத் தாண்டி, திறந்த பகுதிக்குள் நீண்டிருக்க வேண்டும். மேல் இமையின் கரைவு, விளிம்புக்கு 0.1 கீழிருந்து தொடங்கி விளிம்பில் முழு இருளை அடையட்டும். கீழ் இமைக்கு இதன் தலைகீழ். பிறகு இரண்டு இருள்களில் எது பெரியதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினாலோ பெருக்கினாலோ ஓரங்களில் திட்டுகள் விழும்.

இமையின் நிறம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. மூடிய இமை வழியே வெளிச்சம் ஊடுருவும்போது சிவப்பே அதிகம் கடந்து வருகிறது. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். விளக்கு நேர் மேலே இருக்கும் அறையில் கதாபாத்திரம் கிடக்கிறது என்றால், மிக ஆழ்ந்த செம்பழுப்பு ஒன்றை வைத்துப் பாருங்கள். யாரும் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் கண் திறப்பதற்கு முன்பே, வெளியே வெளிச்சம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி நேரம். காட்சி வாழ்வதும் சாவதும் இதில்தான்.

மேல் இமையைத் தூக்கிப் பிடிக்க ஒரு தசை. மூடுவதற்குக் கண்ணைச் சுற்றி வளையமாக இன்னொரு தசை. சாதாரணச் சிமிட்டலில் மூடுவது வேகமாக நடக்கிறது, திறப்பது அதைவிட மெதுவாக. இரண்டுக்கும் ஒரே கால அளவைக் கொடுப்பதுதான் ‘ஷட்டர்’ உணர்வின் முதல் காரணம். இரண்டாவது காரணம் நேர்கோட்டு வேகம். சோர்ந்த இமை விழும்போது மெல்லத் தொடங்கி, பிடி விட்டதும் வேகமெடுத்து விழுகிறது. எழும்போது முதலில் இழுபட்டு எழுந்து, உச்சியில் தயங்கி, எட்டிய உயரத்திலிருந்து இம்மியளவு தொய்ந்து நிற்கிறது. அந்தத் தொய்வைத் தவறவிடாதீர்கள். 0.30 வரை எழுந்து 0.25இல் வந்து நிற்கும் இமையில் இருக்கும் கனம், நேராக 0.25இல் போய் நிற்கும் இமையில் இருக்காது.

நமக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. ஒரு மாத்திரை என்பது மனிதர் இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம் என்பது தமிழ் இலக்கணத்தின் பழைய அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடுத்தால் மூன்று. நான் கீஃபிரேம் (அசைவின் முக்கிய நிலைகளைக் குறிக்கும் புள்ளி) வைக்கும் முன் காட்சியை வாயால் சொல்லிப் பார்ப்பேன். விழிப்பு வந்த பிறகு நிகழும் சிமிட்டல் ஒரு குறில். தூக்கம் இழுக்கும்போது இமை விழுவது அளபெடை. வாயால் சொல்லும்போது ஒரே சீராக ஒலித்தால் திரையிலும் ஒரே சீராகத்தான் தெரியும். ஸ்டாப்வாட்சைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

ஏழரை விநாடிக் காட்சி ஒன்றுக்கு நான் தொடங்கும் கணக்கைச் சொல்கிறேன். முதல் 1.2 விநாடி இமை மூடியே இருக்கும், ஒலி மட்டும் வரும். பிறகு 0.4 விநாடிக்கு இமை திறவாமல் துடிக்கும், திறப்பு 0.05ஐத் தாண்டாது. அடுத்த 0.9 விநாடியில் 0.25 வரை இழுபட்டு எழுந்து, 0.2 விநாடி மட்டும் தாக்குப்பிடித்து, 0.6 விநாடியில் விழும். விழுந்தபின் 0.9 விநாடி முழு இருள். இந்த நீண்ட இருளைக் குறைக்கச் சொல்லி உங்கள் கை அரிக்கும், குறைக்காதீர்கள். ‘மறுபடியும் மயங்கிவிட்டாரோ’ என்ற ஐயம் அங்கேதான் பிறக்கிறது. அடுத்து 0.7 விநாடியில் 0.6 வரை எழுந்து 0.5 விநாடி நிற்கும். வெளிச்சம் குத்த, 0.12 விநாடியில் சட்டென்று மூடும். இந்த மூடல் சோர்வால் வந்ததல்ல, கூச்சத்தால் வந்தது. வேகத்திலேயே அந்த வேறுபாடு தெரிய வேண்டும். 0.25 விநாடி மூடியிருந்து, அரை விநாடியில் 0.85 வரை திறந்து, 0.8 விநாடி பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு சாதாரணச் சிமிட்டல்: 0.1இல் மூடி, 0.25இல் முழுதாகத் திறக்கும்.

எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காப்பாற்ற வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு முயற்சிக்கும் வேறு காரணம், வேறு உயரம், வேறு வேகம் இருக்க வேண்டும். பாதி திறந்து நிற்கும் நேரங்களில் திறப்போடு 0.01 அளவுக்குப் பெர்லின் நாய்ஸ் (சீராக மாறும் தற்செயல் எண்கள்) சேர்த்தால் இமை நடுங்கும். அதற்கு மேல் சேர்த்தால் திரையில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுவார்கள்.

விழிப்பு எப்போது ஏறுகிறது? சிறிதளவு எப்போதும் ஏறட்டும். பெரும் பகுதி, இமை மூடியிருக்கும்போது படிபோல ஏறட்டும். இதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணீர்ப் படலத்தை விழியின் மேல் புதிதாகப் பரப்புவதால், மூடித் திறந்தபின் பார்வை சற்றுத் தெளிகிறது. ஆகவே முதல் திறப்பில் வடிவங்களே புரியாத மங்கல், இரண்டாவதில் அது ஒரு முகம் என்று தெரியும் அளவு, மூன்றாவதில் அது யாருடைய முகம் என்று தெரியும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இமை திறந்திருக்கும்போதே மங்கல் முழுதும் விலகினால் கேமராவின் ஆட்டோஃபோகஸ்தான் நினைவுக்கு வருகிறது.

கதை சொல்பவருக்கு இதில் ஒரு பெரிய பரிசு உண்டு. ஒவ்வொரு மூடலும் ஒரு வெட்டு. முதல் திறப்பில் கதவருகே நின்ற உருவம், அடுத்த திறப்பில் கட்டிலருகே குனிந்திருக்கலாம். நடந்துவரும் அசைவூட்டமே தேவைப்படாது. நகர்ந்ததைக் காட்டாததால் அச்சமும் கூடுகிறது. மூன்று முறை கண் திறந்தும் அறையில் ஒன்றும் மாறவில்லை என்றால், மூன்று முறை திறந்ததற்குக் காரணமே இல்லை, இரண்டாகக் குறைத்துவிடுங்கள்.

இரட்டைப் பார்வை வேண்டுமானால், திரைப் படத்தைக் கிடைமட்டமாகத் தள்ளி இரண்டு முறை எடுத்துக் கலந்து, விழிப்பு ஏற ஏற இரண்டையும் ஒன்றாக்குங்கள். திரை அகலத்தில் 1 அல்லது 2 விழுக்காடு போதும்.

வெளிச்சத்துக்கு வருவோம். இருளிலிருந்து திறந்த கண்ணுக்கு எல்லாம் வெளிறித் தெரிந்து, கண்பாப்பா சுருங்கச் சுருங்க நிறங்கள் திரும்புகின்றன. எஞ்சின்களில் உள்ள தானியங்கி எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவைச் சரிசெய்வது) இதைத் தானே செய்துவிடும் என்று நம்ப வேண்டாம். இமைகளை யூஐ (இடைமுக) அடுக்கிலோ, காட்சியின் ஒளியைத் திரைக்கேற்ற அளவுக்கு மாற்றும் டோன்மேப்பிங்குக்குப் பின்னோ வரைந்தால், எக்ஸ்போஷர் கணக்குக்கு இமை இருப்பதே தெரியாது. டோன்மேப்பிங்குக்கு முன் வரைந்தால் தெரியும், ஆனால் எவ்வளவு வெளிறும் என்பது ஒவ்வோர் அறையின் ஒளியமைப்பையும் பொறுத்து மாறும். உங்கள் பிடியில் இருக்காது. நான் அதை நிறுத்தி வைத்துவிட்டு, கையாலேயே செய்கிறேன். இமை மூடியிருந்த நேரத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரைக் கூட்டி வைப்பது: நீண்ட இருளுக்குப்பின் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), குறுகிய மூடலுக்குப்பின் அரை ஸ்டாப், சாதாரணச் சிமிட்டலுக்கு ஒன்றுமில்லை. திறந்ததும் அது ஏறத்தாழ 0.7 விநாடியில் வடியட்டும். வடிதலை ஃபிரேமுக்கு இத்தனை விழுக்காடு என்று எழுதினால் விநாடிக்கு 30 ஃபிரேமிலும் 120 ஃபிரேமிலும் வெவ்வேறு வேகத்தில் வடியும். கடந்த நேரத்தை வைத்து அடுக்குக்குறிச் சார்பாக எழுதுங்கள்.

ஒலி, படத்துக்கு முன்பே விழிக்க வேண்டும். உயர்ந்த ஒலிகளை அடக்கும் லோ-பாஸ் வடிகட்டியை 600 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி 20,000 வரை விழிப்போடு ஏற்றுங்கள். ஆனால் நேர்கோட்டில் ஏற்றாதீர்கள். காது சுருதியை மடங்குகளாகவே உணர்கிறது என்பதால், நேர்கோட்டில் ஏற்றினால் தொடக்கத்திலேயே தெளிந்துவிட்டதாகக் கேட்கும். 600, 1,200, 2,400 என்று இரட்டித்துப் போகட்டும்.

தலை கடைசியில்தான் அசைய வேண்டும். ஒலி, வெளிச்சம், வடிவம், பிறகு பார்வையின் சிறு நகர்வு, அதன் பின்னரே தலை. கண் பாதி திறக்கும்போதே கேமரா எழுந்து உட்கார்ந்துவிட்டால் முன்பு கட்டிய கனம் எல்லாம் வீண். அசைவூட்டத்தைக் கேமராவின் மேல் நேரடியாக வைக்காமல், அதற்குத் தாயாக ஒரு வெற்றுப் பொருளை வைத்து அதன்மேல் வையுங்கள். சுட்டியால் பார்க்கும் நிரல் கேமராவையே திருப்பட்டும். இரண்டும் ஒரே பொருளை இழுத்தால், கட்டுப்பாடு கைமாறும் கணத்தில் பார்வை துள்ளும். கதாபாத்திரம் ஒருக்களித்துக் கிடந்தால் சாய்வை ஒரே மெதுவான அசைவில் நிமிர்த்துங்கள். இருபுறமும் ஆட்டினால் தலைசுற்றல் கதாபாத்திரத்துக்கு அல்ல, விளையாடுபவருக்கு வரும். தரையோடு கிடக்கும் கேமராவில் நியர் கிளிப் அளவையும் (இதைவிட அருகில் இருப்பதைக் கேமரா வரையாது) பாருங்கள். யூனிட்டியில் அது இயல்பாக 0.3, அந்த அளவில் அருகிலிருக்கும் தலையணை பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். விஆர் தலைக்கவசத்துக்குச் செய்கிறீர்கள் என்றால் கேமராவை அசைக்கவே வேண்டாம்; இமையும் ஒலியும் போதும்.

கட்டுப்பாட்டை முடிவில் மொத்தமாகத் தராமல், மூன்றாவது திறப்பிலிருந்தே, ஐந்தில் ஒரு பங்கு உணர்திறனோடு தொடங்கி விழிப்போடு கூட்டிக் கொடுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால் இன்னும் ஒரு படி போவேன்: ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் இமை எழும், விட்டால் விழும். அழுத்தியும் முதல் இரண்டு முறை இமை தோற்றுப்போகும்போது, அந்தக் கனம் விளையாடுபவரின் விரலுக்கே வந்துவிடுகிறது.

சில நடைமுறை இடர்கள். காட்சி ஏற்றப்பட்ட உடன் வரும் முதல் ஃபிரேம் பெரும்பாலும் நீளமானது. யூனிட்டியில் ஒரு ஃபிரேமின் கால இடைவெளிக்கு இயல்பான உச்சவரம்பு மூன்றில் ஒரு விநாடி. அவ்வளவும் ஒரே தாவலில் போனால் காட்சியின் தொடக்கத்தில் ஒரு துண்டே காணாமல் போகும். என் கணினியில் சரியாக ஓடிய காட்சி மெதுவான கணினியில் தாவியதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கறுப்புத் திரையிலேயே சில ஃபிரேம்கள் காத்திருந்து, பிறகு கடிகாரத்தைத் தொடங்குங்கள். குறிவட்டம், உயிர் அளவு போன்றவை இமைக்குக் கீழ் அடுக்கில் இருக்க வேண்டும். வசன வரிகளும் இடைநிறுத்தப் பட்டியலும் மேல் அடுக்கில். காது கேளாதவருக்கு அந்த முதல் 1.2 விநாடியில் கிடைப்பது வசன வரி மட்டுமே.

பாதுகாப்பும் உண்டு. முழுத்திரையும் இருண்டு பளிச்சிடுவது, ஒளியால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர்களுக்கு ஆபத்து. ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பது இணைய அணுகல்தன்மை நெறிகள் வைக்கும் வரம்பு. மேலே சொன்ன கணக்கு அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. படபடவென்று இமைக்கும் ஓர் அசைவைச் சேர்க்க ஆசைப்பட்டால் இதை நினைவில் கொள்ளுங்கள். அமைப்புகளில் இந்த விளைவைக் குறைக்கும் தேர்வும் இருக்கட்டும். அதைத் தேர்ந்தவர்களுக்குக் கறுப்பிலிருந்து ஒரே ஒரு மெதுவான தெளிவு போதும். கதாபாத்திரம் இறந்து மீண்டும் எழும் ஒவ்வொரு முறையும் ஏழரை விநாடியை ஓட்டாதீர்கள். இரண்டாம் முறை முதல் ஒரு திறப்பு, ஒரு சிமிட்டல், ஒன்றரை விநாடிக்குள் முடியட்டும்.

இன்றே தொடங்குவதானால் ஷேடரைத் தொட வேண்டாம். உங்களிடம் இருக்கும் அதே இரண்டு கறுப்புப் படங்களில், சந்திப்புக் கோட்டைக் கீழே இறக்கி, மேலே தந்த நேரக் கணக்கை மட்டும் போட்டு ஓட்டுங்கள். ஷட்டர் அப்போதே பாதி போயிருக்கும். மீதிப் பாதிக்கு விளிம்பைக் கரையுங்கள். அதன் பிறகும் ஏதோ குறைகிறது என்றால், முதல் திறப்புக்குப் பின் வரும் அந்த நீண்ட இருளை இன்னும் கால் விநாடி நீட்டிப் பாருங்கள்.